காஸ்டிக் சோடா வாங்கப் போகிறீர்களா? லை, செதில், விலைக் கணக்கு

சாயப்பட்டறையில் கொள்முதல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், சோப்புத் தயாரிக்கத் தொடங்கியவர், ரசாயன வியாபாரத்தில் கால் வைக்க நினைப்பவர் என யாராக இருந்தாலும், முதல் வாரத்திலேயே காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் ரேட் விசாரிக்க வேண்டியிருக்கும். விசாரித்ததும் தலை சுற்றும். ஒருவர் டன் 40,000 என்பார். அடுத்தவர் டன் 19,200 என்பார். மூன்றாமவர் மூட்டை 2,250 என்பார். யாரும் ஏமாற்றவில்லை. மூவரும் கிட்டத்தட்ட ஒரே விலையைத்தான் மூன்று அளவுகோலில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவுகோல்களைப் புரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி குளோரினில் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் போடும் ரூபாய்க் கணக்குகள் எல்லாம் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். நீங்கள் வாங்கும் நாளின் ரேட்டை அந்த இடத்தில் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், இது எப்படி உருவாகிறது

உப்பும் தண்ணீரும் மின்சாரமும்தான் மூலப்பொருள். லிட்டருக்கு 300 கிராம் அளவில் உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் நேர்த்திசை மின்சாரம் (டி.சி.) செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின் வாயு கிளம்பும். மறுபக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக்கும் கிடைக்கும். ஒரு டன் காஸ்டிக் எடுக்க ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு வேண்டும். கூடவே சுமார் 886 கிலோ குளோரினும் 25 கிலோ ஹைட்ரஜனும் வந்தே தீரும். இந்த விகிதத்தை எந்த மேலாளராலும் மாற்ற முடியாது. காஸ்டிக் மட்டும் போதும், குளோரின் வேண்டாம் என்று ஆலை ஓட்ட வழியில்லை.

தமிழ்நாட்டில் மேட்டூரிலும், காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்திலும் ஆலைகள் இருக்கின்றன. பக்கத்தில் காரைக்காலில் ஒன்று. சாகுபுரம் ஆலை அங்கே அமைந்ததற்கான காரணம் ஊருக்குள் போனாலே தெரிந்துவிடும்: சுற்றிலும் ஆறுமுகநேரி உப்பளங்கள். ஆனால் நாட்டின் மொத்தக் கொள்திறனில் பெரும்பங்கு குஜராத்தில் இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டுச் சந்தையிலும் குஜராத் ரேட்டின் நிழல் எப்போதும் உண்டு. இலங்கையில் பரந்தன் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கொண்டு காஸ்டிக்கும் குளோரினும் தயாரித்துவந்தது. போர் மூண்டபின் அந்த உற்பத்தி நின்றுபோனது.

பழைய ஆலைகளில் பாதரசக் கலங்கள் இருந்தன. அவற்றிலிருந்து 50 சதவீத லை, அதாவது காஸ்டிக் கரைசல், நேரடியாகவே வந்துவிடும். ஆனால் பாதரசம் காற்றிலும் நீரிலும் கசிந்தது. இன்று இந்தியாவில் ஓடுவது சவ்வுக் கலங்கள். நடுவில் ஒரு மெல்லிய பாலிமர் சவ்வு இருக்கும். அது சோடியத்தை மட்டும் அந்தப் பக்கம் விடும், குளோரைடைத் தடுக்கும். இந்தச் சவ்வுக்கு உப்பில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பரம எதிரி. நூறு கோடியில் இருபது, முப்பது பங்கு என்ற அளவுக்கு அவற்றைக் குறைத்த பிறகே உப்புநீரைக் கலத்துக்குள் விடுவார்கள். கலத்திலிருந்து வெளிவருவது 32 சதவீத லை. அதை ஆவியாக்கி 48 அல்லது 50 சதவீதம் ஆக்குவார்கள். இன்னும் காய்ச்சி, நீரை முழுவதும் போக்கி, உருகிய நிலையில் குளிர்ந்த உருளையின் மேல் படியவைத்துச் சுரண்டினால் வருவதுதான் செதில், அதாவது ஃபிளேக்ஸ். படிக்குப் படி எரிபொருள் செலவு கூடும். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுவே.

செலவில் பெரிய தலை மின்சாரம். ஒரு டன்னுக்கு 2,200 முதல் 2,500 யூனிட் வரை பிடிக்கும். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடினால் டன்னுக்கு 2,200 ரூபாய்க்குக் குறையாமல் அடக்கவிலை ஏறும். பெரிய ஆலைகள் சொந்தமாக அனல் நிலையமோ காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தமோ வைத்திருப்பது இதனால்தான்.

எங்கெல்லாம் போகிறது

உலக அளவில் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் முதலில் சொல்ல வேண்டியது அலுமினாத் தொழில். பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினாவைக் கரைத்தெடுக்கக் காஸ்டிக்தான் வேண்டும். காகிதக்கூழ், விஸ்கோஸ் இழை, சோப்பு, தண்ணீர்ச் சுத்திகரிப்பு, பால் பண்ணைகளில் குழாய் கழுவுதல், குளிர்பானப் பாட்டில் கழுவுதல் என்று பட்டியல் நீளும்.

நம் பக்கம் முக்கியமானது துணி. திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் பருத்தித் துணியின் மெழுகையும் கசடையும் நீக்கும் ஸ்கவரிங்கிலும், பெராக்சைடு வெளுப்பிலும், சில சாயமேற்றும் முறைகளிலும் காஸ்டிக் போகிறது. மெர்சரைசிங்கில் இன்னும் அதிகம். 1844 வாக்கில் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், அடர்த்தியான காரத்தில் பருத்தித் துணி சுருங்கிக் கெட்டியாவதையும் சாயத்தை நன்றாகப் பிடிப்பதையும் கவனித்தார். 1890 வாக்கில் ஹொரஸ் லோ துணியை இழுத்துப் பிடித்தபடி அதையே செய்தபோது பட்டுப்போல் மினுமினுப்பு வந்தது. இன்றும் மெர்சரைசிங் தொட்டியில் லிட்டருக்கு 250 முதல் 300 கிராம் வரை காஸ்டிக் இருக்கும். கழுவிய நீரில் நிறையக் காரம் வெளியே போவதால் அதை ஆவியாக்கி மீட்கும் யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொள்முதல் கணிசமாகக் குறையும். வேலைக்குச் சேர்ந்ததும் உங்கள் பட்டறையில் அந்த யூனிட் இருக்கிறதா, ஓடுகிறதா என்று கேளுங்கள். மாதத் தேவை அதை வைத்துத்தான் முடிவாகும்.

விலையைப் படிக்கும் விதம்

லை விலையை 'உலர் டன்' கணக்கில்தான் சொல்வார்கள். கரைசலில் உள்ள தண்ணீரைக் கழித்துவிட்டு, நூறு சதவீதக் காஸ்டிக் ஒரு டன் இருந்தால் என்ன விலை என்பதுதான் அது. டேங்கரில் வருவது ஈர எடை. 48 சதவீத லையில் ஒரு உலர் டன் கிடைக்க 2.083 டன் ஈர எடை இறக்க வேண்டும். 32 சதவீதமானால் 3.125 டன். தொடக்கத்தில் சொன்ன இரண்டு ரேட்டையும் இப்போது பாருங்கள்: உலர் டன் 40,000 என்றால் 48 சதவீத லையின் ஈர டன் 19,200. செதிலை அப்படியே எடைக்கு விற்பார்கள். தூய்மை 98 சதவீத அளவில் இருக்கும். 50 கிலோ மூட்டை 2,250 என்றால் டன் 45,000, அதைத் தூய்மைக்கு மாற்றினால் 45,918.

சரி, அப்படியானால் எல்லாரும் லையே வாங்கிவிடலாமே? இங்கேதான் லாரி வாடகை குறுக்கே வருகிறது. லை வாங்கினால் பாதிக்கு மேல் தண்ணீரைச் சுமந்து வருகிறீர்கள். அந்தத் தண்ணீருக்கும் வாடகை உண்டு.

வாடகை ஈர டன்னுக்கு 1,500 என்று வைத்துக்கொள்வோம். 48 சதவீத லைக்கு உலர் டன்னுக்கு வாடகை 3,125, ஆக மொத்தம் 43,125. செதிலுக்கு வாடகை 1,531, மொத்தம் 47,449. லைதான் லாபம். அதே வாடகை 5,600 என்றால் லை 51,667, செதில் 51,632. இரண்டும் சமம். அதற்கு மேல் தூரம் போனால் செதில் மலிவு. மேட்டூரிலிருந்து ஈரோட்டுக்கு லை எடுப்பதும், வெகுதூரத்தில் இருக்கும் சிறிய ஊருக்குச் செதில் மூட்டை எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் நியாயமாகிறது. லைக்குத் தொட்டி, பம்ப், குழாய், கசிவைத் தாங்கும் சுற்றுச்சுவர் ஆகியவை வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். செதிலுக்குக் கரைக்கும் வேலையும் அதற்கான ஆளும் வேண்டும். மாதம் இரண்டு மூன்று டன்னுக்குள் பயன்படுத்துகிறவர் தொட்டி கட்டுவதில் அர்த்தம் இல்லை என்பது என் கருத்து.

விலை கேட்கும்போது நான்கு விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்: உலர் எடையா ஈர எடையா, ஆலை வாசல் விலையா இடத்தில் இறக்கிய விலையா, ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா, பணம் எத்தனை நாளில்? காஸ்டிக்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உள்ளீட்டு வரி வரவு எடுக்கிற யூனிட் வரியில்லாத விலைகளை ஒப்பிடலாம். வரவு எடுக்க முடியாத சிறு தயாரிப்பாளருக்கு அந்த 18 சதவீதமும் அடக்கவிலைதான்.

ரேட் ஏன் ஏறி இறங்குகிறது: குளோரினைப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் உப்பு விலையைக் கவனிப்பார்கள். அதனால் பயன் குறைவு. கவனிக்க வேண்டியது குளோரினின் கதி.

குளோரினை மாதக்கணக்கில் குடோனில் போட்டு வைக்க முடியாது. விஷவாயு. திரவமாக்கி 900 கிலோ பிடிக்கும் டன்னர் என்ற பெரிய உருளைகளில் அனுப்பலாம், அல்லது பக்கத்திலேயே வேறு பொருளாக மாற்றலாம். பி.வி.சி., குளோரோமீத்தேன், குளோரினேட்டட் பாரஃபின், ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிளீச்சிங் பவுடர், குடிநீர்ச் சுத்திகரிப்பு என்று அது போகும் வழிகள் உண்டு. இவை சுணங்கினால் குளோரின் தேங்கும். தேங்கினால் ஆலை உற்பத்தியைக் குறைத்தே ஆக வேண்டும். உடனே காஸ்டிக்கும் குறையும். துணிச் சந்தையில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே உங்கள் காஸ்டிக் விலை ஏறுவது இப்படித்தான்.

ஆலைக்காரர் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்ப்பார்: ஒரு டன் காஸ்டிக், கூட 0.886 டன் குளோரின். இந்த ஜோடிக்கு அவருக்கு 40,000 ரூபாய் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் டன் 5,000-க்கு விற்றால் அதிலிருந்து 4,430 கிடைக்கும், காஸ்டிக்கை 35,570-க்குக் கொடுத்தாலும் அவருக்குக் கட்டும். இந்தியாவில் குளோரின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போன காலங்களும் உண்டு. அதாவது எடுத்துப்போகிறவருக்கு ஆலையே பணம் கொடுக்கும். டன்னுக்கு 5,000 கொடுத்து அனுப்புகிற நிலை வந்தால் அதே ஜோடிக் கணக்கில் காஸ்டிக் 44,430 ஆகிவிடும். உப்பு, மின்சாரம், கூலி எதுவும் மாறவில்லை. விலை மட்டும் 8,860 ரூபாய் நகர்ந்துவிட்டது.

அதனால் விநியோகஸ்தரிடம் பேசும்போது, "குளோரின் எப்படிப் போகுதுங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள். பதில் இழுத்தால் அடுத்த மாத ரேட் உயரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு இருப்பைக் கொஞ்சம் கூட்டலாம். இது கணிப்புதான், உத்தரவாதம் கிடையாது.

வெளிநாட்டுக் காற்றும் அடிக்கும். ஐரோப்பாவில் பாதரசக் கலங்களுக்கு 2017 டிசம்பரோடு கெடு முடிந்தபோது அங்கே பல ஆலைகள் மூடப்பட்டு உலகச் சந்தை இறுகியது. 2021 இலையுதிர் காலத்தில் சீனா மின்சாரக் கட்டுப்பாடு போட்டபோதும், அதையடுத்து ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியபோதும் மறுபடி ஏறியது. வடகிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலேறும் விலையை உலர் டன்னுக்கு டாலரில் வாரந்தோறும் மதிப்பிட்டுச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த விலை உள்நாட்டு ரேட்டைத் தொடுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் பெரிய யூனிட்கள் அதைத் தொடர்ந்து கவனிக்கின்றன.

சரக்கு வந்து நிற்கும்போது

டேங்கரின் மேல்மூடி, அடிவால்வு இரண்டிலும் சீல் இருக்கிறதா, சீல் எண் பில்லோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நீங்கள் நம்பும் எடைமேடையில் ஏற்றி எடை போடுங்கள். பிறகு இறக்குவதற்கு முன்பே மேலிருந்தும் கீழிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். தொட்டியில் விட்டபின் எடுத்த மாதிரியை வைத்து யாரோடும் வாதாட முடியாது.

உயரமான பிளாஸ்டிக் ஜாடியில் மாதிரியை ஊற்றி ஹைட்ரோமீட்டர் விடுங்கள். துணித் தொழிலில் ட்வாடெல் அளவுதான் புழக்கம். ட்வாடெல் எண்ணை 200-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஒப்படர்த்தி. 32 சதவீத லை 70 ட்வாடெல் அருகிலும், 50 சதவீத லை 105 அருகிலும் காட்டும். லை சூடாக இருந்தால் எண் குறைவாகத் தெரியும். ஆறவிட்டுப் பாருங்கள், அல்லது வெப்பநிலைத் திருத்த அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சதவீதம்கூட விளையாட்டு இல்லை. 20 டன் டேங்கரில் 48-க்குப் பதில் 47 சதவீதம் வந்தால் 200 கிலோ உலர் காஸ்டிக் குறைவு. உலர் டன் 40,000 ரேட்டில் அது 8,000 ரூபாய்.

செதில் மூட்டை என்றால் ஐ.எஸ். 252 தரக்குறிப்பு, தயாரித்த மாதம், உள்ளுறை கிழியாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். நல்ல செதில் வெள்ளையாக, உலர்ந்து, கையுறையில் எடுத்தால் சரசரவென்று உதிரும். மூட்டையைத் திறந்து வைத்தால் சில நிமிடங்களிலேயே ஓரங்கள் ஈரமாகப் பளபளக்கத் தொடங்கும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் அது இழுத்துக்கொள்கிறது. கரியமில வாயு சேர்ந்த பகுதி சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். கட்டியாக இறுகி, மேலே தூசு போன்ற படலம் இருந்தால் பழைய சரக்கு. எடை குறைந்திருக்காது, காரம் குறைந்திருக்கும்.

எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கச் சிறிய ஆய்வகம் போதும். 10 கிராம் செதிலைச் சட்டென்று எடை போட்டு, கொதிக்கவைத்து ஆற்றிய காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஆறியபின் 500 மில்லியாக்குங்கள். அதில் 25 மில்லி எடுத்தால் அரை கிராம் சரக்கு. பினாஃப்தலீன் சேர்த்து, ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு மறையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 12.3 மில்லி என்று வைப்போம். அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு சேர்த்துத் தொடருங்கள். மஞ்சள் ஆரஞ்சாகத் திரும்பும்போது மொத்தம் 12.4. முதல் அளவை இரட்டித்து மொத்தத்தைக் கழித்தால் 12.2 மில்லி, இதுதான் உண்மைக் காஸ்டிக்குக்குச் செலவான அமிலம். மில்லிக்கு 0.04 கிராம் வீதம் 0.488 கிராம், அதாவது 97.6 சதவீதம். மீதி 0.2 மில்லி கார்பனேட்டுக்கு உரியது. மில்லிக்கு 0.053 கிராம் வீதம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். மூட்டை கொஞ்சம் காற்று வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

துணி வெளுப்பவர்கள் இரும்பின் அளவையும் கேளுங்கள். இரும்பு அதிகமானால் பெராக்சைடு தாறுமாறாகச் சிதைந்து துணியில் ஓட்டை விழும். பழைய, துருப்பிடித்த டேங்கரில் நல்ல லை வந்தாலும் இந்தத் தொல்லை வரலாம்.

சோப்புக்காரர்களுக்கு இந்தச் சதவீதம் நேராகப் பாத்திரத்தில் தெரியும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குத் தூய காஸ்டிக் சுமார் 183 கிராம் வேண்டும். 5 சதவீத எண்ணெய் மிச்சம் இருக்கும்படி வைத்தால் 174 கிராம். மேலே பார்த்த 97.6 சதவீதச் சரக்கில் அது 178 கிராம். விளக்கெண்ணெய்க்கு 128 கிராம் அளவே போதும் என்பதால் தேங்காய் எண்ணெய்க் கணக்கை எல்லா எண்ணெய்க்கும் போடக் கூடாது. காரம் மிஞ்சினால் தோல் வெந்துபோகும்.

கையாளும்போது

இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். காஸ்டிக் தோலையும் கண்ணையும் கரைக்கும் பொருள். பட்டதும் அமிலம் போல எப்போதும் சுரீரென்று எரியாது. முதலில் சோப்பு பட்டது போல வழவழப்பாகத்தான் இருக்கும். அந்த வழவழப்பே தோல் கரைகிறது என்பதற்கான அடையாளம்.

கரைக்கும்போது எப்போதும் தண்ணீரை முதலில் வையுங்கள். அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். பச்சைத் தண்ணீரே போதும், வெந்நீர் வேண்டவே வேண்டாம். கரையும் சூட்டிலேயே கரைசல் கையை வேகவைக்கும் அளவுக்குப் போய்விடும். கலக்காமல் அடியில் கட்டியாகத் தங்கவிட்டால் பிறகு ஒரேயடியாகப் பொங்கும்.

அலுமினிய அண்டா, துத்தநாகம் பூசிய இரும்பு வாளி இரண்டையும் அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். காஸ்டிக் அவற்றைத் தின்று, தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை வெளியிடும். பித்தளை வால்வும் கூடாது. எச்.டி.பி.இ., பாலிப்ரொப்பிலீன் ஆகிய பிளாஸ்டிக்குகளும் எவர்சில்வரும் சரி. பெரிய லைத் தொட்டிக்குச் சாதாரண இரும்புத் தகடு போதும், ஆனால் சூடான லைக்கு அது தாங்காது, வெடிப்பு விடும். 50 சதவீத லை 12 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சமவெளியில் இந்தக் கவலை இல்லை, மலை ஊர்களுக்கு அனுப்புகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும்.

கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ், மேலங்கி. தோல் செருப்பும் தோல் கையுறையும் காஸ்டிக்குக்கு இரை. கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் கழுவியபடியே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, வழவழப்பு போகும்வரை தண்ணீர் விடுங்கள். எலுமிச்சையும் வினிகரும் தடவக் கூடாது. அதில் கிளம்பும் சூடு காயத்தைக் கூட்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உணவுக்குழாய் இரண்டாம் முறை வெந்துபோகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மாதிரிக்கு எடுத்த லையையோ, வீட்டில் மிஞ்சிய கரைசலையோ தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் ஊற்றி வைக்கிற வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்கள் இடத்தில் அப்படி ஒரு பாட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பெயர் எழுதிய கேனுக்கு மாற்றிவிட்டு அதற்குப் பிறகு ரேட் விசாரிக்கப் போங்கள்.